ஓஸ்ட்மார் நகரத்தின் மூக்கு

ஓஸ்ட்மார் நகரத்தில் அரசாங்கத்துக்கு மூக்கு முளைத்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று, பள்ளிக்கூட வாசலில் ஒன்று, ரயில் மேடையில் நாலு, அடுக்குமாடிக் கட்டடம் என்றால் வாசலில் ஒன்றும் ஒவ்வொரு வீட்டுக் காற்றுக்குழாயிலும் ஒன்றும். மணமானி என்று அதற்குப் பெயர். மனிதர் தின்பது வியர்வையில் வரும். வியர்வையை மோந்தால் ஆள் எந்த நாட்டு அடுப்பில் சாப்பிடுகிறவர் என்று தெரிந்துவிடும். பட்டியலில் இருந்த பதினொரு நாடுகளின் மணம் வந்தால் சிவப்பு விளக்கு எரியும், கதவு திறக்காது, ஆள் வந்து வதிவிடக் கடுதாசி கேட்பான். அந்தப் பதினொரு நாட்டவரின் கடுதாசிகளையும் அதே சட்டம் ரத்துச் செய்திருந்தபடியால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. முகத்தைப் பார்த்து ஆளைப் பிடிப்பது அநியாயம் என்று நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது. மூக்கைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

நாலாம் மாடியில் நானூற்றேழாம் இலக்க வீட்டில் இருந்த சுகிர்தா இந்தப் பெட்டிக்குப் பயப்பட வேண்டியவள் இல்லை. அவள் யாழ்ப்பாணத்துக்காரி, இலங்கை பட்டியலில் இல்லை. மருந்துக்கடையில் வேலை, வீட்டில் கணவன் கஜன், பிள்ளைகள் வேறு ஊரில். ஆனாலும் எட்டு மாதமாக அவள் அந்தப் பெட்டிக்குப் பயந்துகொண்டுதான் இருந்தாள். காரணம், பதிவில் இரண்டு பேர் இருந்த அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள்.

அவள் பெயர் அபேபா. எரித்திரியாக்காரி, ஆறாம் மாடியில் குடியிருந்தவள். பட்டியல் வெளியான நேரம் அவளுடைய கணவன் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். திரும்பி வந்தவனை இந்த நாட்டில் இறங்க விடவில்லை, வேறொரு துறைமுகத்தில் காத்திருந்தான். அவளுடைய வீட்டுக்கு முத்திரை வைக்க ஆட்கள் வந்த அன்று காலை அவள் சுகிர்தாவின் குசினியில் ஒரு கரண்டி உப்புக்காக நின்றாள். மேலே சப்பாத்துச் சத்தம் கேட்டது. சுகிர்தா உப்புப் போத்தலைக் கீழே வைத்தாள், முன்கதவைப் பூட்டினாள், "இரு பிள்ளை, தேத்தண்ணி போடுறன்" என்றாள். அந்தத் தேத்தண்ணி எட்டு மாதமாக நீண்டுகொண்டிருந்தது.

தப்பும் வழி சுலபமானது. யாழ்ப்பாணத்து வீட்டில் யாழ்ப்பாணத்து மணம் மட்டும் வந்தால் பெட்டி பேசாமல் இருக்கும். ஆகவே அபேபா காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் சோறும் மீன்குழம்பும், பின்னேரம் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் என்று விடாமல் சாப்பிட்டாள். மூன்றாம் கிழமையிலேயே அவளுடைய வியர்வை யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் பிறந்தது போலாகிவிட்டது என்று கஜன் சொன்னான். வியர்வைக்குப் பிறகு நாக்கும் வந்தது. இந்த நகரத்தில் எல்லாரும் காதில் மொழிபெயர்ப்புப் பொத்தான் மாட்டியிருப்பார்கள். யார் எந்த மொழியில் பேசினாலும் அது கேட்பவரின் மொழியில் சொல்லும், ஆனால் வானொலியில் செய்தி வாசிப்பது மாதிரிச் சொல்லும். அபேபா அதைக் கழற்றி வைத்துவிட்டு, சுகிர்தாவிடம் கேட்டுக் கேட்டே தமிழ் பழகினாள். "கோதாரி" என்ற யாழ்ப்பாணத்துத் திட்டுச் சொல்லை அவள் சரியான இடத்தில் முதன்முதல் சொன்ன அன்று சுகிர்தா பூரித்துப் போனாள்.

வந்தபோது அவள் ஒரு மாதக் கர்ப்பம். இப்போது ஒன்பதாம் மாதம்.

ஒரு திங்கட்கிழமை இடியப்பத்தை வாயில் வைத்தபடி அபேபா அழுதாள்.

"என்ன பிள்ளை, சம்பல் உறைப்போ?"

"இல்லை அக்கா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு இஞ்சேரா வேணும். ஸிக்னியோட. ஏழு மாசமா வேணும். சொல்லக்கூடாது எண்டு இருந்தன்."

இஞ்சேரா என்பது அவர்களுடைய புளித்த மாவு ரொட்டி, எங்கள் அப்பத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி. ஸிக்னி என்பது பெர்பெரே என்ற சிவப்புத் தூள் போட்ட இறைச்சிக் குழம்பு. அதில் ஒரு வாய் சாப்பிட்டால் மணம் நாலு நாளைக்கு உடம்பில் நிற்கும். குழந்தை எந்த நாளும் வரலாம். ஆஸ்பத்திரி வாசலில் பெட்டி இருக்கிறது. சிவப்பு எரிந்தால், பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் தாயையும் பிள்ளையையும் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அது அவளுடைய கணவனின் கப்பலும் இல்லை, அவன் காத்திருக்கும் துறைமுகத்துக்குப் போவதும் இல்லை.

"விசர்க்கதை," என்றான் கஜன், அன்று பின்னேரம் இதைக் கேட்டதும். அவன் கட்டடங்களின் காற்றுக்குழாய் துப்புரவாக்கும் வேலை செய்கிறவன். பெட்டிகளைத் துடைப்பதும் அவன்தான்; அபேபா வந்த புதிதில் வீட்டுப் பெட்டியைப் பழுதென்று சொல்லி மூன்று கிழமை கழற்றி வைத்தவனும் அவன்தான், ஆனால் அந்தச் சாட்டு இரண்டாம் தடவை எடுபடாது. "இன்னும் ரெண்டு கிழமை பொறுக்க ஏலாதோ? பிள்ளை பிறந்தாப் பிறகு கொப்பரை கொப்பரையாச் சமைப்பம்."

"பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதைக் குடுக்காட்டில் பிள்ளைக்குக் காதில சீழ் வடியும்."

"நீ மருந்துக்கடையில வேலை செய்யிறனி, சுகி. உது மூடநம்பிக்கை எண்டு உனக்குத் தெரியாதோ?"

"வடிவாத் தெரியும். நூற்றுக்கு நூறு மூடநம்பிக்கை. ஆனா காது உங்கட பிள்ளையின்ரயோ? இல்லைத்தானே. ஏழு மாசம் அவள் வாயை மூடிக்கொண்டு என்ர புட்டைத் திண்டிருக்கிறாள் கஜன். எனக்கு அதை நினைக்க நெஞ்சு வெடிக்குது."

மேலே பேசினால் எடுபடாது என்று இருபத்தாறு வருஷக் கல்யாணம் கஜனுக்குக் கற்றுத் தந்திருந்தது.

வழி சொன்னவள் லிகாயா. இரண்டாம் மாடிப் பிலிப்பைன்ஸ்காரி, ஆஸ்பத்திரியில் பிரசவத் தாதி. வாரத்துக்கு ஒரு தடவை சீனி கேட்கிற சாக்கில் வந்து அபேபாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் போவாள். செவ்வாய்க்கிழமை வந்தவள் முழுக்கதையையும் கேட்டாள், வயிற்றில் காதை வைத்தபடியே சொன்னாள்.

"ஒரு வீட்டில் அந்த மணம் வந்தால் அந்த வீட்டுக்கு வருவார்கள். எல்லா வீட்டிலும் வந்தால் எந்த வீட்டுக்கு வருவார்கள்? ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லாரும் சிவப்பாக இருந்தால் நாங்கள் எத்தனை கதவைப் பூட்டி வைப்பது? பிள்ளைகள் வாசலிலேயே பிறந்துவிடும்."

புதன்கிழமை கீழே துணி துவைக்கும் அறையில் கூட்டம் நடந்தது. பஞ்சாபிகள், குர்துகள், பெரு நாட்டுக்காரர்கள், வியட்நாம் குடும்பம் ஒன்று, இந்த ஊரிலேயே பத்துத் தலைமுறையாக இருக்கிற, எதிலும் முட்டைக்கோசு போடுகிற ஒரு தம்பதி, பிறகு எங்கள் ஆட்கள் பதினெட்டு வீடு. சுகிர்தா விஷயத்தைச் சொன்னாள். யார் வீட்டில் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் எட்டு மாதமாகத் தெரியும்.

எதிர்த்தவர் நிமலன் அண்ணை. தமிழ்ச் சங்கத் தலைவர், எழுபது வயது, கறாரான மனுஷன்.

"எங்கட நாடு பட்டியலில இல்லை," என்றார். "நாங்கள் ஏன் வலியப் போய் மாட்டுப்படுவான்? பாவம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா எங்கட பிள்ளையளின்ர எதிர்காலத்தைப் பாக்கவேணும்."

"தனக்குத் தனக்கெண்டா சுளகு படக்குப் படக்கெண்ணுமாம்," என்றாள் சுகிர்தா. "பட்டியலில இந்த வருஷம் இல்லை அண்ணை. போன வருஷம் பட்டியலே இல்லை."

அறை முழுவதும் காதுப் பொத்தான்கள் தன் காரியமென்றால் மட்டும் துள்ளிப் புடைக்கிற அந்த முறத்தை ஆறேழு மொழிகளில் விளக்கப் பார்த்துத் திணறின. நிமலன் அண்ணை எழும்பி வெளியே போய்விட்டார். சுகிர்தாவுக்கு முகம் சுருங்கியது. அவர் போனால் அவரோடு பத்து வீடு போகும்.

மறுநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. அண்ணை நின்றார்.

"ஆட்டிறைச்சி எலும்போடயோ, எலும்பில்லாமலோ?"

"எலும்போட," என்று உள்ளேயிருந்து அபேபாவின் குரல் வந்தது.

அவர் தலையாட்டினார். போகாமல் நின்றார். "இஞ்ச வரேக்க லொறிக்குள்ள பதுங்கித்தான் வந்தனான், தெரியுமோ? மூண்டு நாள். ஒருத்தன் தன்ர தண்ணிப் போத்தலை எனக்குத் தந்தவன். உள்ளுக்க இருட்டு, முகம் தெரியேல்லை. எந்த நாட்டுக்காரன் எண்டு இண்டைக்கும் தெரியாது." கையிலிருந்த சந்தைப் பையை விரித்தார். "பிள்ளையளின்ர எதிர்காலமெண்டு பெரிசாக் கதைச்சுப் போட்டன். வெக்கமாக்கிடக்கு. சரி, எத்தினை கிலோ?"

அபேபா செய்முறையை எழுதிக் கொடுத்தாள். லிகாயா அதை ஆஸ்பத்திரித் தாதிமாருக்கு அனுப்பினாள். தாதிமார் தங்கள் கட்டடங்களுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அது துறைமுகத்துத் தொழிலாளர், பஸ் ஓட்டுநர், இரண்டு பள்ளிக்கூடத்து வாத்திமார் என்று நகரம் முழுக்கப் போய்விட்டது. எரித்திரியர் பயன்படுத்தும் மா கடைகளில் இல்லாததால் கேழ்வரகு என்கிற குரக்கன் மா என்றும், பெர்பெரேயை அவரவரே இடிப்பதென்றும் முடிவாயிற்று. புளிக்க வைப்பதை மட்டும் எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. செய்முறையின் அடியில் சுகிர்தா பெரிய எழுத்தில் ஒரு கட்டளை போட்டாள்: எழுதியிருப்பது மட்டும். வேறொன்றும் சேர்க்கக்கூடாது. எல்லா வீட்டிலும் மணம் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எண்ணூறு கட்டடங்களில் வெங்காயம் வதங்கியது. சுகிர்தாவின் குசினியில் அபேபா கதிரையில் இருந்து அதிகாரம் பண்ண, சுகிர்தா சட்டியைக் கிண்டினாள். பெர்பெரே விழுந்ததும் எழும்பிய வாசத்துக்கு அபேபா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து சுகிர்தா பார்த்ததே இல்லை.

பத்து மணிக்கு, பெட்டிகளின் விளக்குகளைக் காட்டும் கஜனின் வேலைக் கருவி கத்தியது. நானூற்றேழு சிவப்பு.

"வரப்போறாங்கள்," என்றான் கஜன். "மற்ற வீடுகள் ஏன் இன்னும் சிவப்பாகேல்லை? நாங்கள் மட்டும்தான் எரியிறம்."

நகரம் முழுக்கச் சமைக்கிறது, ஆனால் பெட்டி சுகிர்தாவின் வீட்டை மட்டும் காட்டிக் கொடுக்கிறது. ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரியின் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மேலே ஒரு விரற்கடை நெய் மிதந்தது. "கொஞ்சம்தான்," என்றாள் அவள். கீழே லிகாயா புளிப்புக்கு வினாகிரி விட்டிருந்தாள். பெருக்காரர் தங்கள் ஊர் மிளகாய் போட்டிருந்தார்கள். முட்டைக்கோசுத் தம்பதி எதைப் போட்டிருப்பார்கள் என்று கேட்கவே தேவையில்லை. எங்கள் ஆட்களோ பதினெட்டு வீட்டிலும் வறுத்து இடித்த கறித்தூளை ஒரு கரண்டி போட்டிருந்தார்கள்.

"கறித்தூள் இல்லாமல் இறைச்சியை எப்பிடி அடுப்பில வைக்கிறது, தங்கச்சி?" என்று நிமலன் அண்ணை கேட்டார். அவருடைய முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது.

திட்ட வாய் திறந்த சுகிர்தா மூடிக்கொண்டாள். அவளுடைய சட்டியிலும் ஒரு கரண்டி விழுந்திருந்தது, கருவி கத்துவதற்குச் சற்று முன், அபேபா யன்னல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து. கை தானாகப் போட்டது.

ஒரு மணிக்கு கஜன் கருவியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனான். பிறகு தூரப் பிடித்தான்.

"பச்சை," என்றான். "எங்கட வீடு பச்சை. கட்டடம் முழுக்கப் பச்சை. நகரத்தில முக்கால்வாசி பச்சை."

"பழுதாப் போட்டுதோ?"

"இல்லை. இது ஒவ்வொரு மணித்தியாலமும் தானாப் படிக்கிற சாமான். இந்தக் குழம்பு அதுக்குத் தெரிஞ்ச ஒரு நாட்டோடயும் பொருந்தேல்லை. எரித்திரியாவும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை, ஒண்டுமில்லை. ஆனா பதிவுள்ள ஆக்கள் எல்லாற்ற வீட்டிலயும் கிட்டத்தட்ட இதே மணம் வருது. பத்தில ஏழு வீட்டில எது வருதோ, அதுதான் உள்ளூர் மணம் எண்டு அதுக்கு விதி; முந்தி உள்ளூரா இருந்த மணம் இனி அந்நிய மணம், சிவப்பு." கஜன் சிரிக்கத் தொடங்கினான். "சுகி, இதுதான் இப்ப இந்த நாட்டின்ர சாப்பாடு!"

சிரிப்பு முடியுமுன் கதவு தட்டப்பட்டது.

அதிகாரி ஒருவன்தான் வந்திருந்தான். முப்பது வயது இருக்கும், நெடுவல், சட்டையில் வெர்னர் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரவேண்டி வந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது.

"காலை பத்து மணிக்கு இந்த வீட்டில் எச்சரிக்கை பதிவாகியுள்ளது," என்று காதுப் பொத்தான் செய்தி வாசித்தது. "பதிவில் இருவர். இந்தப் பெண்மணி யார்?"

அபேபா மேசையில் பெரிய தாம்பாளத்துக்கு முன்னால் இருந்தாள், பத்து மணியிலிருந்து தின்றும் ஆசை தீராமல், கையில் பாதி இஞ்சேராவோடு. அசையவில்லை. வெர்னர் கையடக்க மணமானியான கைப்பெட்டியை அவளுடைய கழுத்துக்கு நேரே பிடித்தான்.

பச்சை.

அவன் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். மீண்டும் பிடித்தான். மீண்டும் பச்சை. "உள்ளூர்," என்று வாசித்தான், தனக்கே நம்பிக்கையில்லாமல். சரிதானா என்று சோதிக்கத் தன்னுடைய கழுத்துக்கு நேரே பிடித்தான்.

சிவப்பு.

"தயவுசெய்து பொறுங்கள்," என்றான். தலைமையகத்துக்கு அழைத்தான். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய காது சிவந்தது. தலைமையகத்தில் எல்லாருமே சிவப்பாம்; கதவு பூட்டிக்கொண்டதால் ஒருவரும் வெளியே வர முடியவில்லையாம். அமைச்சர் தன்னுடைய வீட்டுக் குளியலறையில் பூட்டுப்பட்டுக் கிடக்கிறாராம். இந்தக் கட்டடத்து வாசலும் அவனுக்கு இனித் திறக்காது.

"அக்கா," என்றாள் அபேபா மெல்ல. வாயில் இருந்ததை விழுங்கினாள். "இதுக்குள்ள என்னவோ போட்டிருக்கிறியள்."

"பேந்து சொல்லுறன் பிள்ளை."

"நல்லா இருக்கு." அவள் மேசையை இறுகப் பிடித்தாள். "அக்கா, நோகுது."

அதன் பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. லிகாயா பையோடு ஓடி வந்தாள். சுகிர்தா தன்னுடைய குளிர்ச்சட்டையை அபேபாவுக்குப் போட்டுவிட்டாள். இரண்டு பேரும் தாங்கிப் பிடித்து வெளியே நடத்தியபோது அபேபா வாசற்படியில் நின்று திரும்பினாள். சுவரோடு ஒட்டிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற வெர்னரைப் பார்த்தாள்.

"அந்தத் தம்பிக்கும் குடுங்கோ அக்கா. பசியோட ஒருத்தர் நிக்க நாங்கள் சாப்பிடக்கூடாது."

எட்டு மாதத்துக்குப் பிறகு கட்டடத்தின் முன்கதவு அவளுக்காகத் திறந்தது. யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த சுகிர்தா அழுதாள், மூக்கைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு இன்னும் அழுதாள். கூடப் போக அவளுக்கு மனம் அடித்துக்கொண்டது. ஆனால் வீட்டுக்குள் அரசாங்கம் நிற்கிறதே, விட்டுவிட்டு எப்படிப் போவது?

"வெளிய போகவேணுமெண்டா சாப்பிடத்தான் வேணும், தம்பி," என்றான் கஜன். "வியர்வையில வர மூண்டு மணித்தியாலம் ஆகும். இருங்கோ."

வெர்னர் சப்பாத்தைக் கழற்றினான். எரித்திரியரின் வழக்கம் ஒரே தட்டில் எல்லாரும் கைவைத்துச் சாப்பிடுவது. எச்சில் என்று முதலில் முகம் சுளித்த சுகிர்தாவுக்கே பழகிவிட்டிருந்தது. கஜன், விஷயம் கேட்டு வந்துவிட்ட நிமலன் அண்ணை, வெர்னர் மூவரும் ஒரு தாம்பாளத்தைச் சுற்றி இருந்தார்கள். முதல் வாய்க்கு வெர்னருக்குக் கண்ணீர் வந்தது, உறைப்பால். ஐந்தாம் வாய்க்கு அவன் எலும்பை உறிஞ்சினான். உள்ளே மஜ்ஜை இருக்கிறது, தட்டி உறிஞ்ச வேண்டும் என்று நிமலன் அண்ணை செய்து காட்டினார். எட்டு வருஷமாகத் தனியாகத்தான் சாப்பிடுவதாக அவன் சொன்னான். அதைப் பொத்தான் செய்தியாகத்தான் வாசித்தது. என்றாலும் சுகிர்தா எழும்பிப்போய் இன்னும் இரண்டு இஞ்சேரா சுட்டுக்கொண்டு வந்தாள்.

நாலரைக்குத் தொலைபேசி அடித்தது. அவசரத்தில் சுகிர்தா எல்லாருக்கும் கேட்கும்படி எடுத்துவிட்டாள்.

"பெண் குழந்தை!" என்று லிகாயா கத்தினாள். "மூன்று கிலோ நானூறு. வாசலில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பதிவு தானாக விழுந்துவிட்டது, தாயும் பிள்ளையும் உள்ளூர் என்று. அபேபா எரித்திரியாக்காரி என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது!"

பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. கஜனும் அண்ணையும் கை தட்டினார்கள். சுகிர்தாவும் தட்டப் போனாள், வெர்னரைக் கண்டதும் கை அப்படியே நின்றது. அவனுக்குப் பெயர் தெரியும், நாடு தெரியும், ஆஸ்பத்திரி தெரியும். மேசையில் கைப்பெட்டி இன்னும் சிவப்பாக இருந்தது.

"எழுதப் போறியளோ?" என்று கேட்டாள்.

அவன் தாம்பாளத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த குழம்பை விரலால் வழித்தான். "சிவப்பில் உள்ளவரின் அறிக்கை ஏற்றுக்கொள்ளப்படாது," என்றான். "அது விதி. பச்சையானதும் எழுத வேண்டும். அதுவும் விதி."

கைப்பெட்டி ஒருமுறை சிணுங்கியது. பச்சையாயிற்று. எல்லாரும் பார்த்தார்கள்.

வெர்னர் அதைக் கையிலெடுத்தான். விளக்குத் தெரியாதபடி மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"இன்னும் சிவப்புத்தான், அக்கா," என்றான். பிறகு தாம்பாளத்தில் காலியாகிவிட்ட தன் பக்கத்தை விரலால் காட்டினான்.